டிரையர் மோட்டாரின் மஞ்சள் விளக்கு

அந்த வாரம் மழை நிற்கவேயில்லை. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு சொல்லிவிட்டார். தேயிலைக்கு லீவு கிடையாது. பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்கள் மலையில் நின்றார்கள். நனைந்த கொழுந்தை ஏற்றிய டிராக்டர் ஃபேக்டரிக்கு வந்தபடியே இருந்தது. நான் டிரையர் அறையில் நின்று சுவரில் மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அந்த ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன். பள்ளிவாசல் என்கிற ஊரின் பக்கத்து மலையில் இருக்கிற எஸ்டேட் அது. அப்பா அங்கேதான் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கேட்டுப் போனபோது, பெண்பிள்ளைக்கு ஏணி ஏற வருமா என்று ஆபீஸில் கேட்டார்கள். ஏறிக் காட்டினேன். அதன்பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஃபேக்டரி நிற்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சரிவை வெட்டிச் சமமாக்கிய இடம் அது. முன்பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடம். பின்பக்கம் டிரையர் அறை. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு சிமென்ட் நடை, மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான், அதற்கப்புறம் கருங்கல்லில் கட்டிய உயரமான தாங்குசுவர். அந்தச் சுவரின் அடியில் ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். வரிசையின் கடைசி வீட்டில் என் மதினி இருந்தார். அண்ணன் திருப்பூரில் வேலை பார்த்தான். இங்கே மதினியும் அவர் மகளும்தான்.

டிரையர் என்பது தேயிலையைக் காயவைக்கிற இயந்திரம். விறகு அடுப்பின் சூட்டைப் பெரிய காற்றாடி ஒன்று இழுத்து இலைமேல் தள்ளும். காற்றாடியைச் சுற்றுவது ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவே பெல்ட். மோட்டாருக்கு ஒரு சிமென்ட் மேடை. காற்றாடிக்குப் பின்சுவரை ஒட்டி இன்னொரு மேடை. பக்கத்திலேயே தேயிலைத் தூசியை உறிஞ்சும் சின்னக் காற்றாடியும் அதன் மோட்டாரும் இருந்தன.

அதற்கு முந்தைய கோடையில்தான் இந்த மோட்டார்களுக்குப் பெட்டி வந்தது. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்து, மோட்டார்களின் உடம்பில் சின்னச் சின்ன உணரிகளை ஒட்டி, வயரை இழுத்துச் சுவர்ப் பெட்டியில் சேர்த்தார்கள். மோட்டார் எவ்வளவு சூடு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு அதிர்கிறது என்று பெட்டி எண்களில் காட்டும். எல்லாம் சரியென்றால் பச்சை. கவனி என்றால் மஞ்சள். சிவப்பு வந்தால் பஸ்ஸர் அலறும். அப்படியும் யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடும்; அதற்கான வயரைக் கட்டிங் என்போம்.

வந்த புதிதில் அது எங்களைப் படாதபாடு படுத்தியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியது. டிரையர் ஓட்டுகிறவர்கள் பஸ்ஸரின் வாயில் பழைய துணியைத் திணித்து வைத்தார்கள். நான் எடுத்துப் போடுவேன், மறுநாள் திரும்பவும் துணி இருக்கும். உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எண் ஒரே தாவாகத் தாவி, உடனே இறங்கி, மறுபடி தாவினால் அது மோட்டார் இல்லை. எங்கோ வயர் லூசாக ஆடுகிறது. உண்மையான கோளாறு தாவாது. ஏறும். மெதுவாக, இறங்காமல் ஏறும். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால், கடந்த நாட்களில் எண் போன வழி கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்காமல் நான் எந்த அலாரத்துக்கும் ஸ்பேனரை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. காற்றாடி மோட்டாரின் அதிர்வு. சூடு சரியாக இருந்தது, கரண்ட் சரியாக இருந்தது. அதிர்வு மட்டும் முந்தின நாளிலிருந்து படி ஏறுகிற மாதிரி ஏறியிருந்தது.

பிட்டரண்ணனைக் கூப்பிட்டேன். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிச் சரிசெய்கிற பிட்டர், எனக்கு மூத்தவர், நல்ல கைகாரர், வேலையில் ரோஷக்காரர்.

“தூசி ஒட்டியிருக்கும் தங்கச்சி. மழைக்காலத்துல இல காத்தாடிச் செறகுல அப்பிக்கிரும். ஒரு பக்கம் கனம் கூடுனா ஆடத்தான செய்யும்,” என்றார்.

இரண்டு ஈடு இலைக்கு நடுவில் டிரையர் காலியாக இருந்த நேரத்தில் அடுப்பை அடக்கிவிட்டுக் காற்றாடியை நிறுத்தினோம். சிறகில் தூசி அப்பித்தான் இருந்தது. சுரண்டி எடுத்தோம். ஆனால் பிட்டரண்ணன் மோட்டார்ச் சக்கரத்துக்கும் காற்றாடிச் சக்கரத்துக்கும் குறுக்கே நூல் பிடித்தபோது, அவர் முகம் சுருங்கியது. இரண்டும் ஒரே நேரில் இல்லை. காற்றாடி பின்பக்கமாகத் தணிந்திருந்தது. பெல்ட் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தது.

“போல்ட்டு தளந்திருக்கு,” என்று சொல்லி எல்லா போல்ட்டையும் முறுக்கினார். நேராக்கிவிட்டு ஓட்டினோம். பச்சை எரிந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போதே மஞ்சள்.

மறுபடி நிறுத்தினோம். இந்த முறை பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டினேன். நோய் மோட்டாரிலா, மற்றதிலா என்று பிரித்துப் பார்க்க அதுதான் வழி. மோட்டார் எண்ணெய் மாதிரி ஓடியது. பெட்டியில் எண் தரையோடு கிடந்தது. ஆக, மோட்டாருக்கு ஒன்றுமில்லை. நூல் பிடித்தோம். அதே பக்கம், அதே மாதிரித் தணிவு.

“நான் முறுக்குன போல்ட்டு தங்கச்சி. ஒரு ராத்திரியில எளகாது,” என்றார் அண்ணன். குரலில் கோபம் இருந்தது, யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். ஒரு போல்ட்டும் இளகியிருக்கவில்லை.

அதுதான் எனக்கு முதல் பயம். போல்ட்டு இளகாமல் காற்றாடி எப்படி நகரும்?

அண்ணன் காற்றாடியின் அடியில் பின்பக்கமாகத் தகடு வைத்து உயர்த்தினார். ரசமட்டத்தை மேல்வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை பார்த்துப் பார்த்துத் தட்டினார். நானும் குனிந்து பார்த்தேன், குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே அசையாமல் நின்றது. பெல்ட்டை மாட்டினோம். பச்சை. டீமேக்கர் வந்து எட்டிப் பார்த்தார். ஃபேக்டரியில் தேயிலை உற்பத்தி முழுவதும் அவர் பொறுப்பு. கோட்டயம் பக்கத்துக்காரர், எங்களோடு பேசிப்பேசித் தமிழும் மலையாளமுமாகப் பேசுவார்.

“ஓகே அல்லே? இனி நிறுத்தண்டா. மேல மாடி முழுக்கக் கொழுந்து கிடக்குது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்த இலை காத்திருக்காது. நேரத்துக்கு டிரையருக்குள் போகாவிட்டால் நாறிப்போகும். மழையில் நின்று பறித்தவர்களின் உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்திருந்தேன். பஸ்ஸர் அலறியது.

ஓடினேன். சிவப்பு. டிரையர் முழுக்க இலை. அடுப்பு முழுக்க விறகு. காற்றாடியின் சத்தமே மாறியிருந்தது. வழக்கமான இரைச்சலுக்கு அடியில் ஏதோ முக்குகிற மாதிரி ஒரு சத்தம். டீமேக்கர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

“அந்தக் கட்டிங்கை எடுத்து விடு. பாக்ஸ் மோட்டாரை நிறுத்தக் கூடாது. இப்ப நின்னா உள்ள இருக்கிறது முழுக்க நாசம், மனசிலாயோ?”

“ஒரு நிமிசம் சார்.”

“ஒரு நிமிசம் இல்ல. அது தானா ஆஃப் ஆயிடும்!”

நான் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். காற்றாடி மோட்டாரின் கோடு காலையில் விழுந்து, உடனே மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது, முன்பைவிடச் செங்குத்தாக. அதுவரை நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். பக்கத்துத் தூசிக் காற்றாடி மோட்டாரின் எண். அது இன்னும் பச்சைக்குள்தான் இருந்தது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் அதன் கோடும் ஏறிக்கொண்டிருந்தது. அதே நாளில் தொடங்கி, அதே சாய்வில்.

இரண்டு மோட்டார். வெவ்வேறு வயசு, வெவ்வேறு வேலை, வெவ்வேறு பெல்ட். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். இரண்டு காற்றாடியும் நின்றது ஒரே தரையில்.

ரசமட்டத்தை எடுத்துக் காற்றாடி மேடையின் சிமென்ட்டிலேயே வைத்தேன். அதிர்வில் குமிழி நடுங்கியது. நடுங்கினாலும் அது எங்கே ஒதுங்கி நின்றது என்பது தெளிவாகத் தெரிந்தது. பின்சுவர்ப் பக்கம் தணிந்திருந்தது. காலையில் காற்றாடிமேல் நடுவில் நின்ற குமிழி. அங்கேயும் வைத்துப் பார்த்தேன். நடுவில் இல்லை.

அண்ணன் என் பக்கத்தில் குனிந்தார். பார்த்தார்.

“சார், பின்கதவத் தொறந்து பாப்போம்,” என்றேன்.

“எந்தினு? எதுக்கு?”

“மேடை எறங்குது சார்.”

கதவைத் திறந்ததும் மழை முகத்தில் அடித்தது. சிமென்ட் நடையில், சுவருக்கு இணையாக, ஒரு வெடிப்பு ஓடியது. என் கை நுழையும் அகலம். டிரையர் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. அதைவிட என்னை உறைய வைத்தது கான்தான். அத்தனை நாளும் பொங்கிக்கொண்டு ஓடிய கானில், பாதி தூரத்துக்கு மேல் தண்ணீரே இல்லை. கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர், மலையிலிருந்து வருகிற தண்ணீர், எல்லாம் ஓர் இடத்தில் வந்து வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாங்குசுவரின் முதுகுக்குள்.

டீமேக்கர் அதைப் பார்த்தார். பின்னால் இரண்டு அடி வைத்தார். பிறகு எட்டி, சுவருக்குக் கீழே லயத்தின் தகரக் கூரையைப் பார்த்தார். கூரையிலிருந்து அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“அங்கே ஆளுண்டா?”

“பிள்ளைங்க இருக்கு சார். லீவுல்லா.”

அவர் போனை எடுத்து மானேஜரைக் கூப்பிட்டபடியே உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். பெட்டி எந்த நொடியும் காற்றாடியை நிறுத்திவிடும். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அடுப்பு நெருப்போடு இருக்கும்போது காற்று நின்றால் சூட்டுக் குழாய்கள் பழுத்துப்போகும். டிரையருக்குள் கிடக்கிற தூள் பற்றும். மண் சரிகிற இடத்தில் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. முதலில் நெருப்பை வெளியே இழுக்க வேண்டும். அதுவரை காற்றாடி ஓடியே ஆக வேண்டும்.

டீமேக்கர் அவ்வளவு நேரம் எடு எடு என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கட்டிங்கை நானே எடுத்துவிட்டேன். பெட்டியின் நிறுத்தும் வயரைக் கழற்றி ஒதுக்கினேன். சிவப்பு எரிந்துகொண்டேயிருந்தது, பஸ்ஸர் அலறிக்கொண்டேயிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

“அண்ணே, நெருப்ப இழுத்துப் போடுங்க. அணைஞ்சதும் இந்தச் சுவிட்ச அமத்திட்டு எல்லாரும் முன்வாசல் வழியா ரோட்டுக்குப் போயிருங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

“நீ எங்க போற?”

“கீழ.”

அண்ணனும் டிரையர்காரர்களும் நீண்ட இரும்புக் கோலால் எரிகிற கட்டைகளை இழுத்துத் தரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். அறை முழுக்க நீராவியும் புகையும். போகிற வழியில் வேலை நேரம் சொல்லும் சங்கின் பொத்தானை அமுக்கினேன். அந்த நேரத்தில் சங்கு ஊதுவது வழக்கமில்லை. அமுக்கிய விரலை எடுக்காமல் பிடித்தேன். டீமேக்கர் வந்து, “நீ போ, நான் பிடிச்சோளாம்,” என்று என் கையைத் தள்ளிவிட்டு அவர் கையை வைத்தார்.

லயத்துக்கு இறங்கும் படிக்கட்டு தாங்குசுவரின் ஓரமாகப் போகிறது. அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் சின்ன வயதிலிருந்து இறங்குவேன். அன்றைக்குத் தொடவில்லை. கற்களுக்கு நடுவே, இதுவரை ஈரம்கூட வராத இடங்களில், செம்மண் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது.

சங்கு கேட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். வயசானவர்கள், பிள்ளைகள், உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத இரண்டு மூன்று பெண்கள். “என்ன, யாருக்காவது அடிபட்ருச்சா?” என்றார்கள். சுவர் இறங்குகிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்று கத்தினேன். செம்மண் தண்ணீரைக் கையால் காட்டினேன். சிலர் உடனே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படி ஏறினார்கள். சிலர் பை எடுக்கிறேன், கோழியைப் பிடிக்கிறேன் என்று உள்ளே போனார்கள். அவர்களைத் திட்டித் துரத்தினேன்.

மதினியும் அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டில்தான் இருந்தார், ஆனால் வாசலுக்கே வரவில்லை. உள்ளே போனால் அடுப்பில் குக்கர். மகள் கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, கெளம்புங்க. சுவரு விழப் போகுது.”

“யாரு சொன்னா? பஞ்சாயத்து மெம்பரா, வில்லேஜ் ஆபீசரா?”

“நான் சொல்லுறேன். மேல மோட்டாருக்கு அலாரம் அடிக்குது. தரையே எறங்குது.”

“மோட்டாருக்கு அலாரம் அடிச்சா மோட்டார நிறுத்துளா. எங்கள ஏன் கெளப்புற?” அவர் கரண்டியை வைக்கவில்லை. “போன வருசமும் இப்பிடித்தான். மண்ணு இடியும், மலை இடியும்னு பஞ்சாயத்துக்காரன் கூட்டிட்டுப் போயிக் கேம்ப்ல அடைச்சான். கக்கூசுக்கு வரிசையில நின்னோம். ஒரு கல்லு உருண்டுச்சா? திரும்பி வந்தா ஊட்டுக்குள்ள எலி பூந்து அரிசி மூட்டையக் கிழிச்சிருக்கு. நான் வரல.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எத்தனை தடவை ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸரின் வாயில் துணி திணித்தவர்களும் மோசமானவர்கள் இல்லை. ஆனால் மேலே காற்றாடியின் அந்த முக்கல் சத்தம் கூரை வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“மதினி, உங்க கால்ல விழுறேன். பிள்ளையவாச்சும் அனுப்புங்க.”

அவர் முகம் மாறியது. நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

“சரி, அழாத. அந்தக் கதவச் சாத்திட்டு வா, சாரல் அடிக்குது. இழுத்துச் சாத்து, ரெண்டு நாளா அது சாத்த மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதிருச்சு போல.”

கதவைப் பிடித்தேன். அது பின்சுவரைப் பார்த்த கதவு, துணி காயப்போடுகிற பக்கத்துக்குப் போவது. மரம் ஊதியிருந்தால் சுற்றிலும் இறுகும். இது மேல்மூலையில் மட்டும் முட்டியது. கீழ்மூலையில் விரல் நுழையும் இடைவெளி. நிலை கோணியிருந்தது. வீடே கோணிக்கொண்டிருந்தது.

“மதினி,” என்றேன். கதவின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் காட்டினேன். “மரம் ஊதல.”

அவர் வந்து பார்த்தார். அந்தக் கதவைத் தினமும் திறந்து சாத்துகிறவர் அவர். ஒரு கணம் பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்தார். அவள் போனை விட்டுவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான். மூன்று பேரும் மழைக்குள் ஓடினோம்.

பாதிப் படியில் இருக்கும்போது காற்றாடி நின்றது. அந்த இரைச்சலோடு பிறந்து வளர்ந்தவள் நான். அது நின்றதும் மழைச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. நெருப்பு அணைந்தது, அண்ணன் சுவிட்சை அமர்த்திவிட்டார், அவர்கள் வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் எல்லாரும் நனைந்துபோய் நின்றார்கள். மானேஜரின் ஜீப் வந்தது. மலையில் நின்ற பெண்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளைத் தேடி அவர்கள் கூடையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பிட்டரண்ணன் முகமெல்லாம் கரியாக வந்து என் பக்கத்தில் நின்றார். டீமேக்கர் வீடு வீடாகக் கேட்டு ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு ஆள் குறைந்தது.

“அம்மா எங்கடி?” என்று மதினியின் மகளைப் பிடித்துக் கேட்டேன்.

“அடுப்ப அணைக்கலன்னு போச்சு அத்தை. இப்ப வந்துருவேன்னுச்சு.”

ரோட்டைக் கடந்து ஓடினேன். பின்னால் பிட்டரண்ணன், “தங்கச்சி, போகாத!” என்று கத்தியது கேட்டது. படிக்கட்டின் தலைமாட்டுக்குப் போய்க் கீழே பார்த்தேன். மதினி ஏறி வந்துகொண்டிருந்தார். முந்தானையைச் சும்மாடு மாதிரிச் சுருட்டிப் பிடித்து, அதில் குக்கரை ஏந்திக்கொண்டு. மெதுவாக, வழுக்கிவிடாமல், ஒவ்வொரு படியாக.

“போடுங்க அத! ஓடி வாங்க!”

“சோறுளா,” என்றார்.

இறங்கி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். கடைசிப் படியில் எங்கள் இருவருக்கும் கால் வழுக்கியது. விழுந்தோம், எழுந்தோம். ரோட்டோரத்துக்கு வந்து சேர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. பெரிய துணியைக் கிழிப்பது போல முதலில், பிறகு லாரியிலிருந்து கல்லைக் கொட்டுவது போல. தரை என் உள்ளங்காலில் நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். டிரையர் அறையின் பின்சுவர் அங்கே இல்லை. கூரைத் தகரம் காற்றில் தொங்கியது. தாங்குசுவர் நடுவில் பிளந்து, கல்லும் மண்ணும் தண்ணீருமாக லயத்தின் கடைசி வீடுகள்மேல் இறங்கியிருந்தது. மதினியின் வீடு இருந்த இடத்தில் செம்மண் குவியல் இருந்தது. அதற்குள்ளிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மதினி குக்கரைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குக்கரின் சூடு என் வயிற்றில் சுட்டது.

உயிர் ஒன்றும் போகவில்லை. அன்றைக்கு அந்தச் சோற்றைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தார் மதினி. தொட்டுக்கொள்ள யாரோ ஊறுகாய் கொண்டுவந்தார்கள். திருப்பூரில் இருந்த என் அண்ணனுக்குப் போன் போட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம், “வீடு போச்சு, நாங்க இருக்கோம்,” என்பதுதான். அண்ணன் மறுநாளே வந்தான். வந்தவன் திரும்பத் திருப்பூருக்குப் போகவில்லை. மேலே இன்னொரு லயத்தில் அவர்களுக்கு வீடு கொடுத்தார்கள். பழைய வீடு, ஆனால் பாறைமேல் நிற்கிறது.

ஃபேக்டரி அந்தப் பருவம் முழுக்க மூடிக்கிடந்தது. கொழுந்து வேறு எஸ்டேட்டுக்குப் போனது. மண்ணைப் பரிசோதிக்கிறவர்கள் வந்தார்கள், அளந்தார்கள், கேள்வி கேட்டார்கள். மண்சரிவை முன்கூட்டியே சொன்ன இயந்திரம் என்று ஒரு பத்திரிகையில் வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் நான் மறுத்தேன். அந்தப் பெட்டி மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் ஆடுகிறது என்று மட்டும்தான் சொன்னது. அதுவும் நாங்கள் நேராக்கும்போதெல்லாம் பச்சை காட்டி அடங்கிவிட்டது. பிட்டரண்ணன் மட்டும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒருமுறை கேட்டபோது, “நல்லா முறுக்குனேன் தங்கச்சி, அதான் பயமாருக்கு,” என்றார்.

தை மாதம் டிரையரை ரோட்டுப் பக்கத்து அறைக்கு மாற்றி, புது மேடை கட்டி ஃபேக்டரியைத் திறந்தார்கள். பெட்டியும் புதுச் சுவரில் ஏறியது. முதல் சில வாரம் பச்சையைத் தவிர வேறு நிறத்தை அது காட்டவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் மஞ்சள் வந்தது. காற்றாடி மோட்டார், அதிர்வு.

நான் பெட்டியிடம் போய்ச் சேர்வதற்குள் அறை காலியாகிவிட்டது. டிரையர்காரர்கள் நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே நின்றார்கள். மாடியில் இலை வாட்டுகிறவர்கள் இறங்கிவிட்டார்கள். கொழுந்து இறக்க வந்த பெண்கள் டிராக்டரை விட்டு ரோட்டுக்குப் போய்விட்டார்கள். மேல் லயத்திலிருந்துகூட சிலர் வந்து நின்றார்கள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. டீமேக்கர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். இலை கெடும் என்று சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ரசமட்டத்தை மேடைமேல் வைத்தேன். நடுவில் நின்றது. வெளியே போய்ச் சுவரைச் சுற்றி நடந்தேன், தரையைப் பார்த்தேன், கானில் தண்ணீர் போகிறதா என்று பார்த்தேன். பக்கத்து மோட்டாரின் கோட்டைப் பார்த்தேன். அது படுத்தே கிடந்தது. அதற்கப்புறம்தான் காற்றாடியின் மூடியைக் கழற்றினேன். சிறகில் தேயிலைத் தூசி ஒரு பக்கமாக அப்பியிருந்தது.

“தூசிதான்,” என்று வெளியே வந்து சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. மதினி கூட்டத்தில் நின்றார், கூடை முதுகிலேயே இருந்தது. “நல்லாப் பாத்தியா?” என்றார்.

“நல்லாப் பாத்தேன் மதினி.”

இன்னும் கொஞ்ச நேரம் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.